ஆடி மாதத்தில் விலைக்கு வந்த மலைவீடு

எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொல்லிக்கொள்கிறவர்களை நான் நம்புவதில்லை. எனக்கு உண்டு. வஞ்சனையில்லாமல் உண்டு. அதிலும் எழுபதுகளின் நடுவில் சில வருஷங்கள், நார்வே நாட்டு மலையில் இருந்த ஒரு மர வீட்டுக்காக மாண்ட்ரியலில் உட்கார்ந்துகொண்டு நான் பட்ட வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. திருச்சிக்காரிக்கு நார்வேயில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நாங்கள் கனடாவுக்கு வந்தது அறுபத்தேழில். என் கணவருக்கு மாண்ட்ரியல் தீவின் மேற்குக் கோடியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் விவசாய வளாகத்தில் வேலை. உருளைக்கிழங்குக்கு வரும் நோய்களை ஆராய்ச்சி செய்கிறவர். நல்ல மனிதர். குடி கிடையாது, கோபம் கிடையாது, ஒரு அதட்டல் கிடையாது. பேச்சும் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கோட்டைக் கழற்றுவார், சாப்பிடுவார், மேஜைக்குப் போய்க் காகிதங்களுக்குள் தலையை விட்டுக்கொள்வார். சாப்பாடு எப்படி என்று கேட்டால் "ம்" என்பார். ஒருநாள் வேண்டுமென்றே சாம்பாரில் உப்புப் போடாமல் வைத்துவிட்டுக் கேட்டேன். அதற்கும் அதே "ம்"தான். அங்கே குளிர்காலம் என்பது பாதி வருஷம். கதவு ஜன்னலெல்லாம் அடைத்த வீட்டில், பிள்ளைகள் இரண்டும் தங்களுக்குள் இங்கிலீஷும் பிரெஞ்சும் பேசிக்கொண்டிருக்க, நான் என் குரலை நானே கேட்டுக்கொண்டு வளைய வருவேன்.

பேச்சுக்கு எனக்கு இருந்த ஒரே ஆள் டாக்டரம்மாதான். அப்படித்தான் அவளை வீட்டில் சொல்வோம். மெட்ராஸ்காரி, என்னைவிடச் சின்னவள். நகரத்துக்குள் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர். அவள் கணவர் டவுன்டவுனில் எஞ்சினியர். வாய் நிறைய "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவாள். டியூட்டி முடிந்து வந்ததும் போன் செய்வாள், இரண்டு பேரும் காது சுடும்வரை பேசுவோம். தங்கமான பெண். ஆனால் சொந்தச் சம்பளம், சொந்தக் கார், கொட்டுகிற பனியில் தானே ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிறுத்துகிற தைரியம்! பார்க்கும்போது எனக்கு லேசாகச் சுருக்கென்று இருக்கும். அதெல்லாம் கட்டுக்குள் இருந்த பொறாமை. கணக்கில் சேராது.

எழுபத்தொன்றில் கோடை விடுமுறைக்கு இந்தியா போகக் கிளம்பினோம். என் கணவரோடு அதே துறையில் ஒரு நார்வேக்காரர் இருந்தார். மண் ஆராய்ச்சி. அவருக்கும் அவர் அண்ணனுக்கும் சேர்த்து, ஊரில் மலை மேல் அவர்கள் அப்பா கட்டிய விடுமுறை வீடு ஒன்று. போகிற வழிதானே, ஒரு வாரம் தங்கிவிட்டுப் போங்கள், சும்மாதான் கிடக்கிறது என்று சாவியைக் கையில் திணித்துவிட்டார். எனக்குத் துளியும் இஷ்டமில்லை. மாமியாருக்கு வாங்கிய சாமானெல்லாம் பெட்டியில், இதில் மலை வேறா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். ஆஸ்லோவிலிருந்து ரயில், அப்புறம் பஸ், பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து முதுகில் மூட்டையோடு நடை. பெரிய பெட்டிகளைப் பஸ் நிற்கும் கடையிலேயே போட்டுவிட்டு, அரிசியும் பருப்பும் ரசப்பொடியும் மட்டும் தூக்கிக்கொண்டு ஏறினோம்.

வீடு என்றால் என்ன வீடு. தார் பூசிய கறுப்பு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய இரண்டு அறை. கூரை மேல் மண் போட்டுப் புல் வளர்த்திருந்தார்கள். கரண்ட் இல்லை, குழாய் இல்லை. கழிப்பறை கொஞ்சம் தள்ளித் தனியாக. தண்ணீர் வேண்டுமென்றால் வாளியோடு ஓடைக்குப் போகவேண்டும். சுற்றிலும் மரமே வளராத மேட்டுநிலம், பாசியும் முழங்கால் உயரப் புதர்களும், எங்கேயோ ஆட்டு மணிச் சத்தமும். இதற்கு எங்கள் பாட்டன் ஊரே தேவலை என்று ஒரு மூச்சு திட்டினேன். கணவர் அடுப்புக்கு விறகு பிளக்கப் போனார்.

இரண்டாம் நாள் அவர் பேச ஆரம்பித்தார்.

நான் கதை விடவில்லை. ஓடையிலிருந்து ஆளுக்கொரு வாளியாகத் தூக்கி வரும்போது, கேட்காமலேயே, தான் காலேஜ் ஹாஸ்டலில் பட்ட அவஸ்தையைச் சொன்னார். அப்புறம் கனடா வேலைக்கு இண்டர்வியூ கடிதம் வந்தபோது பயந்துபோனதைச் சொன்னார். எங்கள் கல்யாணத்தன்று என்னை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டு, என் கைவளையல்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அது என்ன டிசைன் என்றுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. பிள்ளைகளை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினார். ரசத்தில் புளி தூக்கல் என்றார். புளி தூக்கல்! கல்யாணமாகி முதல்முறையாக என் சமையலில் ஒரு குற்றம் சொன்னார், எனக்கு வந்த சந்தோஷத்தைப் பாருங்கள். ஒருநாள் அடுப்பில் தண்ணீர் காய வைத்து, வெளியே பாறை மேல் என்னை உட்கார வைத்து, சொம்பு சொம்பாகத் தலைக்கு ஊற்றினார். அப்போது இருட்டவே இல்லை, அங்கே கோடையில் பொழுது அப்படி இழுத்துக்கொண்டே போகும். இந்த மனுஷன் இத்தனை வருஷம் எங்கே இருந்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாண்ட்ரியலுக்குத் திரும்பி வந்ததும் ஒரு பதினைந்து நாள் அந்தப் பேச்சு தாக்குப்பிடித்தது. அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா குடும்பத்தைக் கூப்பிட்டு, சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, அந்த வீட்டு ஸ்லைடுகளைக் காட்டினோம். அப்புறம் பனி விழுந்தது. மனிதர் காகிதங்களுக்குள் போய்விட்டார். "ம்" திரும்பி வந்துவிட்டது.

எழுபத்துமூன்று ஜூலையில் ஒரு சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். நார்வேக்காரரின் அண்ணன் தன் பங்கைப் பிரிக்கவேண்டும் என்கிறாராம். வீட்டை விற்கப் போகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடம் பிடித்திருந்ததே, முதலில் உங்களைத்தான் கேட்கிறேன் என்றாராம். விலை அதிகம் எதிர்பார்க்கவில்லை, மாதக் கடைசியில் அவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

"நாளைக்கே சரின்னு சொல்லிடட்டுமா?" என்றார் என் கணவர். அவர் முகத்தில் அந்த ஓடைக்கரை முகம் வந்து போனதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். ஒரு வீட்டைக் கொடுத்து அந்த மனுஷனை வருஷத்துக்கு ஒரு மாதம் எனக்குத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று யாரோ சொல்வதுபோல இருந்தது. ஓடிப்போய்க் காலண்டரைப் பார்த்தேன். ஆடி பிறந்து மூன்றாம் நாள்.

ஆடியில் எவராவது வீடு பேசுவார்களா? கல்யாணம் பேசமாட்டோம், வாடகை வீடுகூட மாறமாட்டோம். இத்தனை ஆசையாக ஒன்று வரும்போது போயும் போயும் ஆடியில் வாய் வைத்து அதைக் கெடுத்துக்கொள்வதா? ஆவணி பிறக்கட்டும், முதல் நல்ல நாளில் சொல்லலாம் என்றேன். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்றேன். நார்வேக்காரருக்கு ஆடி எல்லாம் தெரியாது என்று இவர் மெதுவாகச் சொன்னார். தெரியவேண்டியது அவருக்கு இல்லை, நமக்கு என்றேன். இவர் மறுநாள் போய், நம் ஊர் வழக்கப்படி சிரித்துக்கொண்டே "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். நம்மில் ஒருவர் அப்படிச் சிரித்துக்கொண்டு சொன்னால், விஷயம் முக்கால்வாசி முடிந்தது என்று அர்த்தம். அந்த மனிதர் ஊரில் அதற்கு, வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். இது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு மாட்டுப்பண்ணையைக் காட்ட வளாகத்துக்குள் நடந்தோம். பண்ணைக் கட்டடத்து வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை. வாடகைக்கு அறை, பழைய சைக்கிள் என்று துண்டுச் சீட்டுகளுக்கு நடுவே, டைப் அடித்த ஒரு அட்டை: நார்வே மேட்டுநிலத்தில் மலை விடுமுறை வீடு விற்பனைக்கு. பக்கத்தில் போட்டோ.

"அக்கா, இது உங்க வீடாச்சே," என்றாள் டாக்டரம்மா.

இவருடைய "பார்க்கலாம்" இங்கே அட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அப்போதாவது உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் இருந்த கவலையெல்லாம், இவள் கண்டுவிட்டாளே, ஊரெல்லாம் பேச்சாகிவிடுமே, கைக்கு வருவதற்குள் கண் பட்டுவிடுமே என்பதுதான்.

"விக்கிறாங்க போலிருக்கே. நீங்க வாங்கலையாக்கா?"

"நமக்கெதுக்கும்மா அதெல்லாம். தண்ணி இல்லை, கரண்ட் இல்லை. அவ்வளவு தூரம் யாரு போவா?"

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"பின்னே? சும்மா குடுத்தாலும் வேண்டாம்."

என் கணவர் பக்கத்திலேயே நின்றார். மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை. விளக்கேற்றி, பாயசம் வைத்து, இவரைக் குளிக்கச் சொல்லி, ராகுகாலம் கழிந்ததும் போனைக் கையில் கொடுத்தேன். நார்வேக்காரர் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். இவர் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் "ஓ, நல்லது" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வைத்தார். வெளிநாட்டுக்காரர் வாங்குவதில் சட்டச் சிக்கல் இருந்ததாம், வக்கீல் வைத்துச் சரிசெய்தாகிவிட்டதாம். வீடு விற்றுப்போனது. நம்முடைய நண்பர்கள்தான் வாங்கினார்கள் என்று அவர் நமக்காகச் சந்தோஷப்படுகிறாராம். டாக்டரம்மா தன் பேரில், தன் சம்பளத்தில், தன் செக்கைக் கொடுத்து முடித்திருக்கிறாள்.

ஆடி மாசத்தில் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாள் மகராசி!

"நீதானே வேண்டாம்னு சொன்னே," என்றார் இவர். "சரி, விடு."

நான் எங்கே விட? பாயசத்தை அப்படியே தொட்டியில் கொட்டினேன். அவளிடம் போய்ச் சண்டை போடலாம் என்றால் என்ன சொல்லிப் போடுவது? என்னை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டவள். என் வாயால்தான் இல்லை என்றேன். உண்மையைச் சொன்னால் உன் கண்ணுக்குப் பயந்துதான் மறைத்தேன் என்று சேர்த்துச் சொல்லவேண்டும். அதைவிட நாக்கைக் கடித்துக்கொண்டு சாகலாம். அவளுக்கு என்ன குறை? வேலை இருக்கிறது, கார் இருக்கிறது, சிரித்த முகம் இருக்கிறது. எனக்கென்று உலகத்தில் ஒரு இடம், அங்கே மட்டும் என்னோடு பேசும் ஒரு புருஷன். அதையும் எடுத்துக்கொண்டுவிட்டாளே என்று அடுக்களையில் நின்று அழுதேன். அவள் போன் செய்து, "அக்கா, உங்களாலதான் இந்த வீடு எங்களுக்குக் கிடைச்சுது" என்றபோது, ரொம்ப சந்தோஷம்மா என்றேன். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

அடுத்த கோடையில் அவர்கள் போய்வந்தார்கள். அந்த மலையில் விளையும் ஆரஞ்சு நிறப் பழத்தில் தானே கிளறிய ஜாம் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். அமிர்தமாக இருந்தது என்று போனில் சொன்னேன். அது திறக்காமலேயே ஃபிரிட்ஜின் பின்னால் கிடந்து, குப்பைக்குப் போனது. கூரையில் புதுப் புல் போட்டோம் என்பாள், எனக்கு எரியும். ஓடைக்குப் பக்கத்தில் உட்கார பெஞ்சு போட்டோம் என்பாள், இன்னும் எரியும். யாரைக் கேட்டு என் ஓடையில் பெஞ்சு போட்டாய் என்று வாய் வரைக்கும் வரும். அவள் வீட்டுக்காரரும் இப்போது விறகு பிளப்பார், வாளி தூக்குவார், பழைய கதையெல்லாம் சொல்வார் என்று மனசுக்குள் படம் ஓடும். துணி மடிக்கும்போது ஓடும், பஸ்ஸுக்கு நிற்கும்போது ஓடும்.

ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் கூப்பிட்டாள். இந்த வருஷமாவது எல்லாரும் சேர்ந்து போகலாம் அக்கா, உங்களுக்குத்தான் அந்த இடம் அத்துப்படி, என்பாள். பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு என்பேன். மாமியார் வருகிறார் என்பேன். முட்டி வலி என்பேன். என் கணவர் ஒரே ஒருமுறை, "போயிட்டு வரலாமா?" என்று கேட்டார். அடுத்தவள் வீட்டுக்கு விருந்தாளியாக, அவள் போட்ட படுக்கையில், அவள் கொடுக்கிற காபியைக் குடித்துக்கொண்டு நான் அங்கே இருக்கமாட்டேன் என்று கத்தினேன். அவர் அப்புறம் கேட்கவே இல்லை.

எழுபத்தேழு பொங்கல். கோட்-டெ-நெய்ஜில் டாக்டரம்மாவின் அடுக்குமாடி வீட்டில் சாப்பாடு. ஆண்கள் ஹாலில் டிவியில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அவள் தேய்க்க, நான் துடைக்க. ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த மலைவீட்டை வித்துட்டேன்கா," என்றாள், கையிலிருந்த பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டே.

துடைத்துக்கொண்டிருந்த தட்டு என் கையில் நின்றுவிட்டது. யாருக்கு என்றேன். அங்கேயே பக்கத்து மலையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்காம். போன மாதமே கையெழுத்தாகிவிட்டதாம்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"உங்ககிட்டயா? நீங்கதான் சும்மா குடுத்தாலும் வேண்டாம்னீங்களே. ஒவ்வொரு வருஷமும் கூப்பிட்டேன், ஒரு தடவையாவது வந்தீங்களா? உங்களுக்கு அந்த இடமே பிடிக்கலைன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

இரண்டாவது முறையும் அது என் வாயாலேயே போனது. ஏன் விற்றாய், அவ்வளவு ஆசையாக வாங்கினாயே என்று மட்டும் கேட்டேன்.

அவள் குழாயை மூடினாள். அவள் கணவர் அங்கே போனால் வாசல் படியில் உட்கார்ந்துகொள்வாராம். பாட்டரி ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, எந்தத் தேதிக்குத் திரும்புகிறோம் என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். ஆபீஸ் காகிதங்களை மூட்டையில் அடைத்துக்கொண்டு மலையேறுவாராம். விறகு பிளந்தது, தண்ணீர் தூக்கியது எல்லாம் இவள்தான். கூரைக்குப் புல் போட ஆள் பிடித்தது இவள்தான். நான் எரிந்து எரிந்து மனசில் ஓட்டிய படத்தில் ஒரு காட்சிகூட அங்கே நடக்கவில்லை.

"நான் வீட்டுக்கு ஆசைப்படலைக்கா. அன்னைக்கு உங்க வீட்ல ஸ்லைடு காட்டினப்போ, நீங்களும் அண்ணனும் ஒருத்தர் பேச்சை ஒருத்தர் பிடுங்கிப் பிடுங்கிச் சொன்னீங்க. நீங்க ஆரம்பிச்சா அவர் முடிக்கிறார், அவர் ஆரம்பிச்சா நீங்க முடிக்கிறீங்க. நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன், இவர் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருந்தார். அன்னைக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்லை. எவ்வளவு பொறாமையா இருந்துச்சு தெரியுமா உங்க மேல? அங்க போனா எங்களுக்கும் அப்படி ஆயிடும்னு நினைச்சேன்." முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கென்னக்கா. எந்த ஊர்ல கொண்டு விட்டாலும் உங்ககிட்ட பேசற மனுஷன்."

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அடி பைத்தியமே, அது அந்த மலையில் ஒரு வாரம், இங்கே வந்து பதினைந்து நாள், அவ்வளவுதான். உன் வீட்டில் கடிகாரம், என் வீட்டில் "ம்" என்று சொல்லியிருந்தால், இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதிருப்போம். அவள் மனசும் ஆறியிருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒருத்தி என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அதுவும் சம்பளமும் காரும் உள்ளவள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"எல்லாம் அமையறதுதாம்மா," என்றேன்.

ஹாலிலிருந்து என் கணவர் வந்து அடுக்களை வாசலில் நின்றார். கையில் என் கோட்டு.

"கிளம்பலாமா?" என்றார்.

டாக்டரம்மா ஈரக் கையோடு அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பாருங்க, ஒரு நிமிஷம் உங்களை விட்டுட்டு இருக்க முடியலை அண்ணனுக்கு," என்றாள். சொல்லும்போது அவள் உதடு கோணியது.

நான் சிரித்துக்கொண்டே கோட்டை மாட்டிக்கொண்டேன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வந்து சேரும்வரை காரில் யாரும் பேசவில்லை.